மட்டை முறிந்த சத்தம்

செயின்ட்-மிஷேலில் ஒரு தளபாடக் கடையின் அடித்தளத்தில் இருக்கிறது அந்தத் துப்பாக்கிச் சுடுகூடம். பனிச் சப்பாத்துகளிலிருந்து உருகிய தண்ணீர் தரையில் தேங்கி, குழல் விளக்குகளைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. யோகமலரின் கணவனுடைய தம்பி கஜன், புதிதாக வாங்கிய மலிவு ரிவால்வரின் பக்கக் கதவைத் திறந்து, சின்னஞ்சிறு தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போடுகிறான். “ஒவ்வொரு வெடிக்கும் பெருவிரலால இந்தச் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கவேணும், அண்ணி. பயப்பிடாதேங்கோ, பெரிசா உதைக்காது.” காதடைப்பை அழுத்திக்கொண்டு அவள் இழுக்கிறாள், விசையை அமத்துகிறாள். காய்ந்த பனைமட்டை முறிவதுபோல ஒரு சத்தம் வருகிறது. அவள் முகம் வெளிறிப்போகிறது. “இவ்வளவுதானா சத்தம்?” “ஓம், காதை மூடியிருக்கிறியளெல்லே. எட்டத்தில நிண்டு கேட்டாலும் இப்பிடித்தான்.” எண்பத்தேழில் ஒரு மத்தியானம், ஊரில், வீட்டு ஒழுங்கை முனையில் இதே சத்தம் கேட்டது. மட்டைதான் முறிகிறதென்று நினைத்து அவள் மாவரித்துக்கொண்டே இருந்தாள். சூடுபட்டுக் கிடந்த அவள் தம்பியை நாலு மணிக்குத்தான் கண்டார்கள். அதற்குச் சற்று முன்புவரை உயிர் இருந்ததாம். தனக்கு ஒன்றுமே கேட்கவில்லையென்று அம்மாவிடம் சொன்னாள். பதினேழு வருடமாக அதையே சொல்லிவருகிறாள். ரிவால்வரை வாங்கக் கஜன் கை நீட்டுகிறான். அவள் கொடுக்கவில்லை. “இன்னொருக்கா கேக்கவேணும்,” என்று சுத்தியலை இழுத்து, கண்களை மூடிக்கொள்கிறாள். “அண்ணி! கண்ணைத் திறவுங்கோ, அண்ணி!” காதடைப்புக்கு வெளியே அவன் கத்துகிறான். யாரோ வெகு எட்டத்தில் விழுந்து கிடந்து, “அக்கா” என்று கூப்பிடுவதாக அவளுக்குக் கேட்கிறது.