பின் சீட்

“பைக்ல லடாக் போனது ஆம்பளைங்க மட்டும்தான்னு ஷ்யாம்சுந்தர் சொல்றாரு. மெக்கானிக்கா வேன்ல கூடவே போனீங்களே, உண்மையாண்ணா?”

குரோம்பேட்டை மெக்கானிக் துரைராஜ் ஸ்பேனரைக் கீழே வைத்தார். “ஆமா சார். இன்னா விஷயம்?”

அச்சுதன் குரலைத் தாழ்த்தினான். “எங்க வீட்ல அவரை வரனாப் பாத்திருக்கோம். குடிப்பாரா?”

“டீ தவிர எதையும் தொட மாட்டாரு.”

அச்சுதனுக்குச் சந்தேகம் தீரவில்லை. கணவாய் உச்சியில் எடுத்த குரூப் போட்டோவை மொபைலில் நீட்டினான்.

“எல்லா வண்டியிலயும் பின்னாடி மூட்டை. இவர் வண்டியில மட்டும் எதுக்கு மெத்தை, பேக் ரெஸ்ட்? யாரை உக்கார வெச்சாரு?”

துரைராஜ் நெளிந்தார். “காலியாத்தான் வந்துச்சு. ஆனா...”

“ஆனா?”

“கல்யாண விஷயம், மறைக்கக் கூடாது. யாரோ ரிடையர்டு டீச்சராம், முதுகுவலியாம். ரோடு மோசமான எடத்துல எல்லாம் என்னை ஓட்டச் சொல்லிட்டு இவரு பின்னாடி உக்காந்துகினு, அவங்க முதுகு தாங்குமான்னு பாத்துகினே வந்தாரு. அடுத்த வருசம் அவங்களோடதான் வருவாராம். மனசெல்லாம் அங்க கீது சார். உங்க வூட்டுப் பொண்ணுக்கு வேற எடம் பாருங்க.”

அச்சுதன், சர்வீஸுக்கு வந்து நின்ற ஷ்யாம்சுந்தரின் வண்டியருகே போய், பின் சீட்டை அழுத்திப் பார்த்தான்.

“அந்த டீச்சருக்குத்தாண்ணா வரன் பாக்கறேன். இதுல இன்னும் கொஞ்சம் பஞ்சு வைங்க. எங்க அம்மாவுக்கு இடுப்பும் வலிக்கும்.”