விடியப்புறத்து உலக்கை

டக்... டக்... டக்...

நிலம் வெளிக்க முந்தியே அடுத்த வீட்டு வளவில் உலக்கை தொடங்கிவிட்டது.

சின்னாச்சி பாயை உதறி எழும்பி, கூந்தலை அள்ளி முடிந்தபடி வேலிக்கு ஓடினாள்.

"எடி குணலட்சுமி! உனக்கு நித்திரையே வாறேல்லையோ? புருசன் மலாயாவிலை. வீட்டிலை நீயும் ஒரு பால்குடியும். எந்தப் படைக்கு அரிசி குத்திறாய்?"

அந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்கு உலக்கைதான். டக்... டக்...

"சோதினைக்குப் படிக்கிற பிள்ளை அலுத்துக் கிடக்குது. இரக்கம் இல்லையோ? காது கேக்குதோ, இல்லாட்டி அதையும் உரலுக்கை போட்டு இடிச்சிட்டியோ?"

சின்னாச்சி வாய் திறந்தால் சுன்னாகம் ஸ்டேசனில் நிற்கிற கோச்சியும் தனக்குத்தான் விசில் ஊதுகினம் என்று வெளிக்கிட்டுவிடும். இது அவளுடைய புருசன் கதிரவேலு சொல்லுகிற கதை. அவர் அதை வீட்டில் சொல்லமாட்டார். தோட்டத்தில்தான் சொல்லுவார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே விளக்கு எரிந்தது. மகன் சீவரத்தினம் கண்ணைக் கசக்கிக்கொண்டு புத்தகத்தோடு குந்தினான்.

உலக்கையும் ஓய்ந்தது.

"பார், பிள்ளையை எழுப்பிப்போட்டாள் பாவி!"

நாள் தவறாமல் இந்தக் கூத்துத்தான்.

சீவரத்தினத்துக்குக் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணக்குப் பாடத்தில் ஒனர்ஸ் வகுப்பில் இடம் கிடைக்கவேண்டும். கிடைத்தாலும் காணாது. படிப்புச் செலவுக்கு உபகாரச் சம்பளமும் சேர்ந்து கிடைக்கவேண்டும். கதிரவேலு தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"உபகாரச் சம்பளம் வந்தால் கொழும்பு. வராட்டில் வெங்காயப் பாத்திக்குத் தண்ணி மாறு. எனக்கு ரெண்டும் ஒண்டுதான்."

பகலில் தோட்ட வேலை. அதனால் விடியப்புறம் எழும்பித்தான் படிக்கவேண்டும். ஆனால் சீவரத்தினத்தின் நித்திரை கும்பகர்ணனுக்குப் பெறாமகன் முறை. தாயோ அதற்குக் காவல்.

ஒரு நாள் கதிரவேலு தோட்டத்துக் கிணற்றில் துலா மிதிக்கப் போக முதல் மகனைத் தட்டப் போனார். சின்னாச்சி வாசலை மறித்துக்கொண்டாள்.

"படிச்சுப் படிச்சு வத்திப்போன பிள்ளை. தொட்டுப் பாருங்கோ, நடக்கிறது தெரியும்!"

வாத்தியார் அலாம் மணிக்கூடு ஒன்று இரவல் கொடுத்தார். அதையும் சின்னாச்சி அரிசிப் பானைக்குள் தாட்டுவைத்தாள். அடுத்த நாள் விடியப்புறம் பானை அலறினதில் பூனை பாய்ந்து கூரையில் ஏறியது. சீவரத்தினம் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

அதற்குப் பிறகுதான் அடுத்த வளவில் உலக்கை தொடங்கியது.

குணலட்சுமியைப் பற்றி ஊரில் பேசாத ஆள் இல்லை. கிணற்றடியில் சின்னாச்சியே தொடக்கிவைப்பாள். "உவளுக்கு ஆர் நெல்லுக் குடுக்கினம்? களவு நெல்லோ, கூலிக்குத்தோ?" குணலட்சுமி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

சோதினை முடிந்தது. மறுமொழியும் வந்தது. ஒனர்ஸ் வகுப்பும் கிடைத்தது, உபகாரச் சம்பளமும் கிடைத்தது.

பயணம் போகிற அன்று வீடு நிறையச் சனம். சின்னாச்சி பயத்தம் பணியாரத் தட்டோடு ஒவ்வொருவருக்கும் முன்னால் நின்றாள்.

"சும்மா வந்ததோ? விடியப்புறம் விடியப்புறம் நான் எல்லோ எழுப்பினனான். என்ரை கண் நித்திரையைக் கண்டு எத்தினை மாதம்!"

கதிரவேலு பணியாரத்தை வாய் நிறைய வைத்துக்கொண்டார். சிரிப்பு வெளியில் வராமல் இருக்க அதுதான் வழி.

வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து குணலட்சுமி வந்தாள். இடுப்பில் பிள்ளை. முருங்கையடியிலேயே நின்றுவிட்டாள்.

"வா, உலக்கைக்காரி!" என்றாள் சின்னாச்சி. "இனி உன்ரை ஆசை தீர இடி. என்ரை பிள்ளை தப்பிப் போறான்."

எல்லோரும் சிரித்தார்கள். கதிரவேலுவின் தங்கச்சி இராசமலருக்கு மட்டும் வேறு யோசனை.

"அது சரி பிள்ளை, அப்பிடி என்னத்தைத்தான் இடிச்சனீ?"

பதில் சீவரத்தினத்திடமிருந்து வந்தது.

"உமி, மாமி."

"உமியோ! உமியை ஆரும் இடிப்பினமோ?"

"வெறும் உரலை இடிச்சால் வீட்டுக்கு ஆகாதாம். அதுதான் அக்கா உமியைப் போட்டு இடிச்சவ. கேட்டது நான்தான். அம்மா எழுப்பவும் மாட்டா, எழுப்ப விடவும் மாட்டா. வேறை என்ன செய்யிறது?"

இராசமலர் குணலட்சுமியின் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.

சின்னாச்சியின் தட்டுச் சரிந்து ஒரு பணியாரம் நிலத்தில் உருண்டது.

"நான் எழுப்பினனான் எண்டு ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டனே... அப்ப உன்னை எழுப்பினது உவளோ?"

அன்றைக்குத்தான் குணலட்சுமி முதல்முதலாக வாய் திறந்தாள். குரல் முருங்கையடியைத் தாண்டி வரவே கஷ்டப்பட்டது.

"இல்லை மாமி, நீங்கள் சொன்னதிலை பொய் இல்லை. உலக்கைச் சத்தத்துக்குத் தம்பி ஒரு நாளும் அசையேல்லை. நீங்கள் வேலியடிக்கு வந்து என்னை ஏசினாப் பிறகுதான் அங்கை விளக்கு எரியும்."

பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.

"நான் இடிச்சது உங்களை எழுப்பத்தான்."