கல்யாண வண்டிக்குப் பாலீஷ்

"இன்னும் கோடு தெரியுதேப்பா," என்றாள் அந்தம்மா, கறுப்பு பியட் காரின் பானட்டைத் தலை சாய்த்துப் பார்த்தபடி.

கலியமூர்த்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சென்னீர்குப்பத்தில் பாலீஷ் கடை போட்ட நாளிலிருந்து இப்படி நோண்டுகிற ஆளை அவன் பார்த்ததில்லை. ஆனாலும் டிரைவர் வைத்து வந்து இறங்கிய பொம்பளை. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கோலி சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, இப்போது முகத்தைக் காட்ட முடியுமா?

"பழைய பெயிண்ட்டு மேடம். வெயில்ல பானட்டு சுட்டுச்சுன்னா பாலீஷ் காம்பவுண்டு காஞ்சு, வட்டம் வட்டமா கோடு உழும்."

காரைப் புங்க மரத்தடிக்குத் தள்ளினான். மெஷினில் மாட்டியிருந்த அழுக்குக் கம்பளித் துண்டை மாற்றி, வேகத்தைக் குறைத்தான்.

"ஜல்தியா முடிச்சுடறேன். பொண்ணு பேபிய இட்டுகினு அரக்கோணம் போவணும். கெளம்பி ஊட்ல காத்துகினு கீது."

"இன்னா விசேஷம்?"

"அவ அத்தை புள்ளைக்குக் கட்டிவெக்கப் போறேன். பக்கத்து ஊர்ல உத்தமன்னு ஒரு பய. கழனி வேலை செஞ்ச கும்பலு. ஆவடி கம்பெனில வேலை கெடச்சதும் எங்க பேபியக் கேக்குது! பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுல நாலு பேரு பாக்க செருப்பால அடிச்சேன். தாடை வீங்கிப் பூட்ச்சு."

"ஒரு வாரம் கஞ்சிதான் குடிச்சிருப்பான்," என்றாள் அவள் மெதுவாக.

"அத்தோட உட்ருவனா? அரக்கோணத்துலேர்ந்து வந்ததும் கால ஒடைக்கறேன், பாருங்க!"

சொன்ன வேகத்தில் கை அழுந்தி மெஷின் ஓரத்தில் ஏறிவிட்டது. கறுப்பு தேய்ந்து, அடியிலிருந்த சாம்பல் பூச்சு பல்லைக் காட்டியது.

"ஐயய்யோ! எரவல் வண்டிப்பா. அதுவும் கல்யாணத்துக்கு வாங்கினது. சரி பண்ணாம நான் நகர மாட்டேன்."

தப்பு அவனுடையது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த இடத்துக்குப் பெயிண்ட் அடித்தான். காயும்வரை காத்திருந்தான். திரும்பத் தேய்த்தான். உத்தமனின் முகத்தையே தேய்ப்பது போல் இருந்தது அவனுக்கு. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அந்தம்மா காரை விட ரோட்டைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருவேற்காடு கோயில் பக்கமிருந்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளிருந்தவன் எட்டிப் பார்த்து, "ஆச்சு யக்கா, நல்லபடியா முடிஞ்சுது," என்றான்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இப்ப கோடு போச்சா மேடம்?"

பானட்டை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காரில் ஏறி உட்கார்ந்தாள்.

"பெத்த புள்ள தாலி கட்டறத நான் பாக்கல. இன்னா பண்றது? உன்ன இங்கயே நிறுத்தி வெக்க வேற ஆளு இல்ல."

கலியமூர்த்தி ஒன்றும் புரியாமல், மெஷினைப் பிடித்தபடி விழித்தான். டிரைவர் வண்டியைக் கிளப்பினான். அவள் ஜன்னல் வழியாகக் கை கூப்பினாள்.

"சாயங்காலம் இந்த வண்டிலதான் பேபி எங்க ஊட்டுக்கு வருது, சம்பந்தி."