அசல் பீரோவில்

இன்று டியூஷன் சாரின் வீடும் காலியாகிவிட்டது.

அப்பா கணினித் திரையை நெருங்கிப் பார்த்தார். கதவு திறந்து கிடந்தது. வாசல் மரம் பட்டுப்போயிருந்தது.

போன வாரம் இஸ்திரிக்காரர். அதற்கு முன் மாடிவீட்டு அத்தை.

கணினிக்குள் இருக்கும் அந்த ஊரைக் கட்டியவன் அவர் மகன் பிரசன்னா. கல்லூரி விடுமுறைகளில் கட்டினான். விளையாட்டில் வரும் மனிதர்களுக்குத் தெருக்காரர்களின் பெயர்களை வைத்தான். ஆற்றங்கரையில் இரண்டு வீடுகள். ஒன்றில் அப்பா. ஒன்றில் அம்மா.

"எங்கள ஏன்டா தனித்தனியா வெச்ச?" என்று அம்மா கேட்டாள்.

"அங்கயாச்சும் சண்டை போடாம இருங்க."

விபத்துக்குப் பிறகு பிரசன்னாவின் பைக் இன்னும் காவல் நிலைய வாசலில் நிற்கிறது. முன்சக்கரம் இல்லாமல்.

அவர் விளையாடுவதில்லை. மாலையில் விளையாட்டின் சிடி வட்டைப் போட்டு ஊரைத் திறப்பார். யார் எந்தத் தெருவில் நடக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஊரில் இருட்டியதும் அப்பா வீட்டில் விளக்கு எரியும். அடுத்து அம்மா வீட்டில். பிறகு மூடிவிடுவார்.

வட்டில் கீறல்கள் கூடின. ஒரு நாள் அது சுழலாமல் திணறியது.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அசல் பீரோவில், நகல் கையில். ரேஷன் கார்டும் பட்டாவும் பிரசன்னாவின் மதிப்பெண் சான்றிதழும் அந்த வீட்டில் அப்படித்தான்.

கடையில் கொடுத்து வட்டுக்கு ஒரு நகல் எடுத்தார். அசலைப் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினார்.

நகல் சத்தமில்லாமல் ஓடியது. ஊர் திறந்தது.

பிறகுதான் மரங்கள் காயத் தொடங்கின.

"அவன் இல்லன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருச்சு போல," என்றாள் மனைவி, கதவருகில் நின்று.

அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆல்வின் வந்தான். பிரசன்னாவோடு படித்தவன். ஊரைப் பார்த்தான். வட்டை வெளியே எடுத்துத் திருப்பினான்.

"காப்பியா அங்கிள்?"

"ஆமா."

"காப்பி போட்டா இந்த கேம் கண்டுபிடிச்சிரும். நிறுத்தாது, ஓட விடும். ஆனா ஊரைக் கொஞ்சம் கொஞ்சமா காலி பண்ணிரும். திருட்டு சிடி போடறவங்களுக்குத் தண்டனையாம்."

"காசு கொடுத்து வாங்கினதுப்பா. பத்திரமா இருக்கட்டும்னுதான்…"

"எனக்குத் தெரியும் அங்கிள். அதுக்குத் தெரியாதே."

வட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆல்வின் கேட்டான். "பழைய ஊரை எங்கயாச்சும் தனியா சேவ் பண்ணி வெச்சீங்களா?"

ஊர் வட்டில் இல்லை, கணினியில் இருந்தது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

வட்டுக்கு நகல் எடுத்திருந்தார். ஊருக்கு எடுக்கவில்லை.

ஒவ்வொரு மாலையும் அவர் மூடும்போது, முந்தைய நாள் ஊரின் மேல் அன்றைய ஊர் பதிந்துகொண்டே வந்திருந்தது.

ஆல்வின் டீயைப் பாதி குடித்துவிட்டுக் கிளம்பினான்.

அவர் பீரோவைத் திறந்தார். அசலில் அந்துருண்டையின் வாசனை ஏறியிருந்தது. துடைத்துப் போட்டார். அது முனகியது. நின்றது. மறுபடி சுழன்றது.

காய்வது நின்றுவிட்டது.

போனவர்கள் வரவில்லை. ஊரில் இருட்டியதும் ஆற்றங்கரையில் மட்டும் விளக்கு. ஒன்று. பிறகு இன்னொன்று.

அவர் மூடப் போனார்.

ஊர் எல்லையில் ஒரு வண்டி வந்து நின்றது. தட்டுமுட்டுச் சாமான்கள். கணவன், மனைவி, அவள் இடுப்பில் ஒரு குழந்தை. தலைக்கு மேல் ஒரு கேள்விக்குறி மின்னியது.

மனைவி அறைக்குள் வந்தாள். இத்தனை நாளில் வந்ததில்லை. அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"குழந்தையோட நிக்கிறாங்க. உள்ள விடுங்க."

அவர் மவுஸில் கை வைத்தார்.

எதை அழுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

வண்டி நின்றுகொண்டிருந்தது.