மாசம் ஒரு பாத்திரம்

“இந்த மாசமும் பாத்திரமா?”

சேஷனுக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. நாள் பூரா ஹஜூர் கச்சேரியில் சர்க்கார் பைல் கட்டுகளோடு மல்லுக்கட்டிவிட்டு, அப்போதுதான் கோட்டைக்குள் வீடு திரும்பியிருந்தார். எதிரே தங்கை விஜயம், சாலைக் கடைத்தெருவில் வாங்கிய வெண்கல உருளியும் கையுமாக நிற்கிறாள்.

“பேர் வெட்டறவன் தாமசம் பண்ணிட்டான், அண்ணா. அதான் இத்தனை நேரம்.”

விஜயத்துக்குப் பெண்பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. புருஷன் போய் ஆறு வருஷம். அண்ணா வீடுதான் கதி. எட்டு மாசமாக இந்தக் கிறுக்கு பிடித்து ஆட்டுகிறது. சம்பளம் கைக்கு வந்த அன்றே குடமோ குத்துவிளக்கோ வீட்டில் வந்து இறங்கிவிடும்.

“பையன் நாகேஸ்வரனுக்கு நாளைக்குக் காலேஜ் பீஸ் கட்டணும். உன்னைத்தான் நம்பிண்டிருந்தேன்.”

“மிச்சத்தை வழக்கம்போல மன்னிகிட்ட கொடுத்துட்டேனே.”

“அது அரிசிக்கே காணாது. பாங்கிலே போட்டிருந்தா வட்டியாவது வரும். பாத்திரம் குட்டி போடுமோ?”

“போடாது. ஆனா பணமா இருந்தா ஆளாளுக்குக் கேப்பா. பேர் வெட்டினதை யாரும் கேக்க மாட்டா.”

சேஷனுக்குச் சுருக்கென்றது. அவர் பி.ஏ. படித்ததே விஜயத்தின் கல்யாணச் சங்கிலியை அடகு வைத்துத்தான். மீட்டுத் தருகிறேன் என்றார் அப்பா. அப்பாவும் போனார், சங்கிலியும் போனது.

உள்ளேயிருந்து சேஷனின் மனைவி குரல் கொடுத்தாள். “வாலாம்பா அழறாளே, யாராவது தொட்டிலை ஆட்டப்படாதோ?”

சேஷன் நகரவில்லை. பெண்குழந்தைதானே, அழுது ஓயட்டும்.

“பொம்மனாட்டி புத்தி வேற எப்படி இருக்கும்? ஆம்பிளை நாளைக்கு வரும்னு முதல் போடுவான். நீங்கள்லாம் பொத்திப் பொத்தி வைப்பேள். உனக்குப் பிள்ளையா, குட்டியா? போய்ச் சேர்றச்சே உருளியையும் எடுத்துண்டு போகப்போறயா?”

சொன்ன பிறகுதான் வார்த்தை தடித்துவிட்டது தெரிந்தது. விஜயம் உருளியை உக்கிராண அறையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

சேஷன் மெதுவாக அந்த அறைக்குள் நுழைந்தார். எட்டுப் பாத்திரமும் பளபளவென்று வரிசையாக இருந்தன. வெட்கம் பார்த்தால் பையன் படிப்பு கெடும். தங்கை பேர் வெட்டியிருந்தால்தான் என்ன, கூடப்பிறந்தவளுடையதுதானே? இரண்டை அடகு வைத்தால் கேட்கவா போகிறாள்? சங்கிலியைக் கேட்டாளா?

புது உருளியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பேரைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். குத்துவிளக்கைத் திருப்பிப் பார்த்தார்.

எதிலும் விஜயம் என்ற பேரே இல்லை. எட்டிலும் ‘சே. வாலாம்பாள்’ என்று வெட்டியிருந்தது. தொட்டிலில் அழுதுகொண்டிருந்த அவருடைய பெண்ணுக்கு, பிறந்த நாளிலிருந்து மாசத்துக்கு ஒன்று.