ஓஸ்வால்ட் மாஸ்டரின் அபஸ்வரம்

ஓஸ்வால்ட் மாஸ்டர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, கிளாரினெட்டைத் தப்புத் தப்பாக வாசிக்கப் பழகிக்கொண்டிருந்தார். பிரேசர் டவுனில் முப்பது வருஷமாகக் கல்யாண ஊர்வலங்களுக்கு பேண்டு வாசிக்கிறவருக்கு இது லேசில் வரவில்லை. அபஸ்வரத்துக்குக் கிளம்பிய விரல் பாதி வழியில் சுருதிக்கே திரும்பிவிட்டது.

"இன்னும் கொஞ்சம் கெடுங்க. கழுதைகூட நின்னு கேக்கக் கூடாது," என்று கதவுக்கு வெளியிலிருந்து உற்சாகப்படுத்தினாள் மனைவி டோரீன்.

விஷயம் கார்ப்பரேஷன் எலெக்‌ஷன். வார்டில் இரண்டே பேர் நின்றார்கள். பால்பண்ணை கிருஷ்ணப்பா, பார்க்கில் பேண்டு மேடை கட்டி ஞாயிறுதோறும் வாசிக்க வைப்பேன் என்றார். ஜவுளிக்கடை நாராயணசாமியோ, அதே பார்க்கில் கம்பம் நட்டு ரேடியோ வைப்பேன் என்று நோட்டீஸ் அடித்துவிட்டார்.

மேடை வந்தால் மாஸ்டரின் ஏழு ஆட்களுக்கும் வருஷம் முழுக்க வேலை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, தவக்காலத்தில் சர்ச் கல்யாணமும் கிடையாது. ரேடியோ வந்துவிட்டால் அத்தனை பேர் வாயிலும் மண்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிரசார ஊர்வலத்துக்கு மாஸ்டரை அமர்த்தியிருந்தது நாராயணசாமி. நோட்டீஸ் வருவதற்கு முன்பே தாம்பூலத் தட்டை நீட்டிவிட்டார். வெற்றிலை பாக்கு வாங்கிய வேலையைத் திருப்பிக் கொடுப்பது பேண்டுக்காரர் வழக்கத்தில் இல்லை.

"வாசிக்கிறேன்னுதானே வெத்தலை வாங்கினீங்க? நல்லா வாசிக்கிறேன்னா சொன்னீங்க?" என்று கேட்டாள் டோரீன். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள்.

மறுநாள் சாயங்காலம் ஊர்வலம் கிளம்பியது. மாஸ்டர் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு அபஸ்வரம் வைத்தார். பின்னால் டிரம் அடித்துக்கொண்டு வந்த ஜெயராஜ் பதறிப்போய், "மாஸ்டர், உடம்பு சரியில்லியா?" என்றான்.

மாஸ்டருக்கு மானம் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் வாசித்த வாசிப்பில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

தெரு முக்கில் மேசை போட்டு ஏறி நின்றார் நாராயணசாமி. பேச ஆரம்பிக்காமல், பாட்டு முடிகிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "இன்னொண்ணு ஆகட்டும் மாஸ்டர். பேச்சு எங்க ஓடிப்போவுது?" என்றார்.

கூட்டம் சேர்க்கிறான், கெட்டிக்காரன் என்று மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடு இன்னொன்றும் வாசித்தார். ஊர்வலம் போன நாலு நாளும் இதே கதை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்; மாஸ்டர் விஷயத்தில் அது எழுத்துக்கு எழுத்து உண்மையாகிக்கொண்டிருந்தது.

ஓட்டு எண்ணிய அன்று அவர் வீட்டை விட்டு நகரவில்லை. மத்தியானம் ஜெயராஜ் ஓடி வந்தான்.

"கிருஷ்ணப்பா ஜெயிச்சிட்டாரு மாஸ்டர். ஒரே ஓட்டு வித்தியாசம். மூணு தரம் எண்ணிப் பாத்துட்டாங்க."

மாஸ்டர் சந்தோஷத்தில் அவனைக் கட்டிக்கொண்டார். டோரீன் சிலுவை அடையாளம் போட்டாள். அந்தக் கை கீழே இறங்குவதற்குள் வாசலில் நாராயணசாமி வந்து நின்றார்.

முதல் நாள் அபஸ்வரத்தைப் பற்றி யாரோ வத்தி வைத்துவிட்டார்கள் என்று பயந்து மாஸ்டர் முந்திக்கொண்டார்.

"மொதலாளி, மொத நாள் ஒரே ஒரு எடத்துல கை தவறிப்போச்சு. மத்தபடி வெத்தலை வாங்கின கைக்கு நான் துரோகம் பண்ணல."

"அது கெடக்கட்டும் மாஸ்டர். மேடை எப்ப கட்டறாங்களாம்?"

"தெரியலியே."

"கட்டினா மொத வரிசைல எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைங்க."

மாஸ்டர் விழித்தார். "நீங்க ரேடியோதானே வேணும்னீங்க?"

நாராயணசாமி தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "நோட்டீஸ் அடிச்சாச்சு, மாத்த முடியல. நாலு நாள் உங்க பக்கத்துல நின்னு கேட்ட மனுஷன் வேற என்ன பண்ணுவான்? வெளில சொல்லிடாதீங்க, பேஜாராப் போயிடும்."

"எதைச் சொல்லிடாதீங்கன்றீங்க மொதலாளி?"

"நான் கிருஷ்ணப்பாவுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்."