பேரரசியின் வயிற்று வாசல்

மரெம்மா மலைச்சரிவில் வெயில் ஏறுகிறது. குறிசொல்லும் டாரட் சீட்டில் வரும் பேரரசி இங்கே மூன்று மாடி உயரச் சிலையாக, உடம்பெல்லாம் கண்ணாடிச் சில்லு மின்ன, காலை அகட்டி உட்கார்ந்திருக்கிறாள். "பெருத்த உடம்புதாண்டி தெய்வ உடம்பு!" என்று முழங்குகிறாள் பெண்சக்தி வகுப்பின் குரு தொனத்தெல்லா. அவளோ எலும்பும் தோலுமாக இருக்கிறாள். சிஷ்யைகள் ஒவ்வொருவராகச் சிலையின் குறுகிய வயிற்று வாசல் வழியாக உள்ளே இருக்கும் கண்ணாடி அறைக்குள் நுழைந்து மறுபிறவி எடுக்கிறார்கள், குருவும் நுழைந்துவிடுகிறாள். கடைசியில் எர்சிலியா. புருஷன் விட்டுப் போனதிலிருந்து இந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருக்கிறாள். நேராக நுழைகிறாள், பக்கவாட்டில் நுழைகிறாள், மூச்சை அடக்கியும் பார்க்கிறாள். இடுப்பு வாசலோடு நின்றுவிடுகிறது. "மனசைத் திற கண்ணு, வழி தானா திறக்கும்," என்கிறாள் குரு உள்ளிருந்து. "மனசு எப்பவோ உள்ள வந்துடுச்சுக்கா. இடுப்புதான் வரமாட்டேங்குது." உள்ளே சிரிப்பு கண்ணாடிக்குக் கண்ணாடி மோதித் திரும்புகிறது. "சரி விடு, வெளியிலயும் ஒரு ஆள் வேணுமே," என்கிறாள் குரு. பேரரசியின் வயிற்றிலிருந்து கைகள் நீண்டு கைப்பைகளை ஒவ்வொன்றாக அவள் தோளில் மாட்டுகின்றன. பிறகு பாட்டு தொடங்குகிறது: தாயின் மடியில் எல்லாருக்கும் இடம் உண்டு, வெளியே நிற்பவள் யாருமில்லை. நடுவில் அது சட்டென்று நிற்கிறது. "எர்சிலியா, அந்த மஞ்சப் பையில சாப்பாடு இருக்கு. எல்லாருக்கும் சேர்த்து, ஞாபகம் இருக்கட்டும்!" பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. பைகள் தோளில் அழுந்த, வெயிலில் நின்றபடி எர்சிலியாவும் கூடவே வாயசைக்கிறாள்.